தட்டுப்பாடு

சென்னையில் பழைய ராக் அண்ட் ரோல் தட்டு சேர்ப்பவர்களைப் பற்றி யார் எழுதினாலும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். மயிலாப்பூரிலோ அடையாறிலோ ஒரு பழைய வீடு. மாடியில் ஓர் அறை, சுவர் முழுக்க அலமாரி. அதற்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பெரியவர். மேலே 'இசையைக் காப்பாற்றிய மனிதர்' என்று தலைப்பு. நாமும் படித்துவிட்டு ஓர் இதயக் குறியைப் போட்டுவிட்டு அடுத்ததற்கு நகர்ந்துவிடுகிறோம்.

அந்தத் தலைப்பை இனிமேல் நம்பக் கூடாது என்கிறேன். காப்பாற்றினார் என்றால் யாருக்காகக் காப்பாற்றினார் என்று கேட்க வேண்டாமா? அந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்று கூட இருக்கும் குடும்பத்துக்கே தெரியாது. பட்டியல் கிடையாது. ஒரு தட்டின் ஒலிகூட அந்த அறையை விட்டு வெளியே வந்ததில்லை. இதற்குப் பெயர் காப்பாற்றுவது என்றால், ரேஷன் அரிசியைக் கிடங்கில் அடுக்கிப் பூட்டியவனையும் அன்னதானப் பிரபு என்று சொல்லலாம். எழுதி வைக்கப்படாத, பிறர் கேட்க முடியாத சேகரிப்புக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு நல்ல சொல் இருக்கிறது: பதுக்கல்.

கோபமாக இருக்கிறதா? இருக்கட்டும். பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

*

முதலில் இந்தத் தட்டுகள் இங்கே எப்படி வந்தன என்று பார்ப்போம். அது தெரியாமல் பதுக்கலின் அபத்தம் புரியாது.

ராக் அண்ட் ரோல் என்றாலே ஏழு அங்குல வினைல், நடுவில் பெரிய ஓட்டை, நிமிடத்துக்கு 45 சுற்று என்றுதான் நம் தலையில் படம் ஓடும். ஆர்சிஏ விக்டர் அந்த வடிவத்தை 1949இல் கொண்டுவந்தது. விலை மலிவு, கீழே விழுந்தாலும் உடையாது, பையில் போட்டுக்கொண்டு நண்பன் வீட்டுக்குப் போகலாம். அமெரிக்க இளைஞர்களுக்கும் அந்தத் தட்டுக்கும் உடனே பொருந்திப் போனது. ஆனால் 1954இல் மெம்ஃபிஸில் சன் ரெக்கார்ட்ஸ் எல்விஸின் முதல் பாட்டை வெளியிட்டபோது 45இலும் விட்டார்கள், பழைய 78இலும் விட்டார்கள். ராக் அண்ட் ரோல் பிறந்தபோது பாதி அரக்கு, பாதி வினைல்.

இந்தியாவில் அந்த அரக்குப் பாதி ரொம்ப நாள் வாழ்ந்தது. 78 தட்டு என்பது பெரும்பாலும் கல்தூள். அதைப் பிணைத்து வைப்பது அரக்கு, கறுப்பாக்குவது கரி. அந்த அரக்கு சோட்டா நாக்பூர் பக்கத்துக் காடுகளில் சிறு பூச்சிகள் மரக்கிளையில் விட்டுச்செல்லும் பிசின். உலகத்தின் அரக்கில் பெரும்பங்கு நம் நாட்டிலிருந்துதான் போனது. கிராமபோன் கம்பெனி 1908இல் கல்கத்தா சியால்தாவில் ஆலை போட்டது, பிறகு டம்டம்முக்கு மாறியது. எச்எம்வி, கொலம்பியா என்று நாம் பார்க்கிற லேபிள்களின் தட்டுகள் அங்கேதான் அச்சாயின.

இங்கிலாந்தில் 1960 வாக்கில் 78ஐ மூட்டை கட்டிவிட்டார்கள். இங்கே அது முடியாது. மின்சாரம் வராத ஊர்களில் சாவி கொடுத்துச் சுற்றுகிற கிராமபோன்தான் இருந்தது, அது 78 மட்டுமே பாடும். அதனால்தான் உலகத்தில் வேறெங்கும் அநேகமாக இல்லாத ஒரு விநோதம் டம்டம்மில் நடந்தது. பீட்டில்ஸ் பாட்டுகள் 1960களின் நடுவில் 78 அரக்குத் தட்டில் வந்தன. லிவர்பூல் பையன்களின் மின்கிதாரைச் சாவி கொடுத்துக் கேட்ட தேசம் இது.

தட்டு வாங்கக் காசில்லாதவனுக்கு ரேடியோ சிலோன் இருந்தது. 1952இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பிறகு ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு அநேகமாக நின்றே போனது. நேயர்கள் முள்ளைக் கொழும்பு பக்கம் திருப்பினார்கள். அங்கே தமிழ்ச் சினிமாவும் கேட்டது, ஆங்கிலப் பாப்பும் கேட்டது. லக்னோவில் பிறந்த கிளிஃப் ரிச்சர்டும், 1936இல் இதே மதராஸில் பிறந்த எங்கல்பர்ட் ஹம்பர்டிங்கும் பிற்பாடு இங்கிலாந்துப் பாடகர்களாக நமக்குத் திரும்பி வந்தார்கள்.

அப்புறம் நம் ஆள். தூத்துக்குடியில் பிறந்து, சிறுவயதில் இலங்கையில் வளர்ந்து, மதராஸுக்கு வந்து சேர்ந்த ஜே.பி. சந்திரபாபு. 1958இல் வந்த 'பதிபக்தி'யில், விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசையில் அவர் ஒரு ராக் அண்ட் ரோலே பாடினார். யூடலிங்கைத் தமிழ்த் தொண்டைக்குள் கொண்டுவந்தவரும் அவர்தான். 1964இல் 'காதலிக்க நேரமில்லை' வந்தபோது ட்விஸ்ட் தாளம் நமக்குச் சொந்தத் தாளம் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

*

சந்தைக்கு வருவோம். டம்டம்மில் அச்சான பீட்டில்ஸ் 78 இன்றைக்கு வெளிநாட்டு ஏலத்தில் நூற்றுக்கணக்கான டாலருக்குப் போகிறது, நல்ல நிலையில் இருந்தால் அதற்கும் மேலே. அதே ஆலை, அதே அரக்கு, அதே 78 சுழற்சி. சந்திரபாபு தட்டு? பழைய சாமான் கடையில் யாராவது ஒருவர் புரட்டிப் பார்த்து, "இது தமிழ் சார், இதுக்கு என்ன பெரிய ரேட்டு" என்று ஓரமாக வைப்பார்.

நம் சேகரிப்பாளர்களில் ரொம்பப் பேர் வெளிநாட்டு விலைப்பட்டியலைப் பார்த்துத்தான் எது அரிது என்று முடிவு செய்கிறார்கள். டிஸ்காக்ஸ் தளத்தில் விலை ஏறினால் தட்டு அலமாரியின் மேல் வரிசைக்குப் போகும். அங்கே பெயரே இல்லை என்றால் கீழே அட்டைப் பெட்டிக்குள் போகும். ஆனால் யோசித்துப் பாருங்கள். பீட்டில்ஸ் 78 உடைந்துபோனால் உலக இசைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அந்தப் பாட்டின் மூல நாடா லண்டனில் பத்திரமாக இருக்கிறது, ஆயிரம் புத்தகங்கள் அதைப் பற்றி இருக்கின்றன. போவது ஒரு சுவாரசியமான பொருள் மட்டும். ஒரு தமிழ்த் தட்டு உடைந்துபோனால்? சில சமயம் அந்த ஒலியே அதோடு போய்விடும்.

மிகையாகச் சொல்கிறேன் என்று தோன்றினால் எஸ்.ஜி. கிட்டப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். 1933இல், முப்பது வயதுகூட ஆகாமல் இறந்துபோனார். பேசும் படம் எதிலும் நடிக்கவில்லை. அவர் குரல் என்று இன்று நாம் கேட்பது முழுக்க முழுக்கத் தட்டிலிருந்து வந்தது. தட்டு இல்லையென்றால் கிட்டப்பா என்பது பெரியவர்கள் சொல்லும் ஒரு கதை மட்டும்தான். 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்'. அதன் பிரதி எதுவும் இன்று கிடைப்பதில்லை. முப்பதுகளில் வந்த எத்தனையோ படங்களுக்கும் இதே கதி. படம் போன பிறகு மிஞ்சுவது பாட்டுப் புத்தகமும் தட்டும்தான்.

படம் இருக்கிறதே, அப்புறம் தட்டு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. பத்து அங்குல 78இல் ஒரு பக்கம் சுமார் மூன்றேகால் நிமிடம்தான் ஓடும். பாட்டு அதைவிட நீளம் என்றால் ஒரு சரணத்தை வெட்டுவார்கள், இல்லையென்றால் இரண்டு பக்கமாகப் பிரிப்பார்கள். ஆரம்ப காலத்தில் தட்டுக்கென்று தனியாக மறுபடி பாடிப் பதிவு செய்ததும் உண்டு. படத்தில் இருப்பது தட்டில் இருக்காது, தட்டில் இருப்பது படத்தில் இருக்காது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால்தான் அந்தப் பாட்டின் கதை தெரியும். ஸ்ட்ரீமிங் செயலியில் தேடினால் 1958 பாட்டுக்கு ஆண்டு 2009 என்று போட்டிருக்கும், தொகுப்பு ஏற்றப்பட்ட ஆண்டு அது. இசைக்குழுவில் வாசித்தவர் பெயர் இருக்காது, சில சமயம் பாடியவர் பெயரே தப்பாக இருக்கும். அதைத் திருத்த ஆதாரம் வேண்டும். ஆதாரம் இருப்பது அந்தப் பூட்டிய அலமாரியில்.

*

பதுக்கலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வியாதி இருக்கிறது. தட்டு சுத்தமாக இருக்க வேண்டும் என்கிற மோகம்.

சுத்தமாக வைத்துக்கொள்வதில் தப்பில்லை. நம் ஊர் ஈரத்தில் உறையில் பூஞ்சை பிடிக்கும். மே மாத வெயிலில் காருக்குள் விட்ட வினைல் அப்பளம் மாதிரி வளையும். அதையெல்லாம் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். நான் சொல்வது வேறு. 'மின்ட்', 'நியர் மின்ட்' என்று வெளிநாட்டில் தரம் பிரிக்கும் முறையை அப்படியே இங்கே இறக்குமதி செய்திருக்கிறார்கள். அந்த முறைப்படி லேபிளில் பேனா எழுத்து இருந்தால் தரம் குறையும், ரப்பர் முத்திரை இருந்தால் இன்னும் கொஞ்சம் குறையும், ஊசி ஓடிச் சாம்பல் பூத்திருந்தால் சொல்லவே வேண்டாம். அவர்கள் கனவு காணும் தட்டு எதுவென்றால், அச்சான நாளிலிருந்து ஊசியே படாத தட்டு.

தமிழ்நாட்டில் தட்டு யார் கையில் இருந்தது? பங்களாக்காரர்களிடம் கொஞ்சம் இருந்தது. மிச்சம் சவுண்ட் சர்வீஸ்காரர்களிடம். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், ஆடி மாதத்துக் கூழ் ஊற்றல் எல்லாவற்றுக்கும் தென்னை மரத்தில் குழாய் கட்டிப் பாட்டுப் போட்டவர்கள் அவர்கள்தான். தட்டு மாறிப் போகக் கூடாது என்று லேபிளில் பெயின்ட்டால் கடைப் பெயரையோ ஒரு எண்ணையோ எழுதி வைப்பார்கள். ஒரு எல்.ஆர். ஈஸ்வரி அம்மன் பாட்டு இபியில் அந்தச் சவுண்ட் சர்வீஸின் எண், வாங்கிய கடையின் முத்திரை, யாரோ ஒருவர் பால்பாயின்ட் பேனாவில் குறித்த தேதி மூன்றும் இருந்தால் என்ன அர்த்தம்? இந்தப் பாட்டு எந்த ஊரில், எந்தக் காலத்தில், எந்த வேலைக்குப் போனது என்று மூன்று சாட்சிகள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். விலைப்பட்டியல் அதைக் குறை என்கிறது. சிலர் ரப்பர் போட்டு அழிக்கவே பார்க்கிறார்கள்! கல்வெட்டின் மேல் சிமென்ட் பூசுகிற கோயில் நிர்வாகத்தைத் திட்டும் அதே வாய்கள்தான்.

தட்டு தானே தன்னைப் பற்றிச் சொல்லும் வழக்கம் ஆரம்பத்திலேயே இருந்தது. 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிப் பதிவு செய்தபோது பாட்டின் கடைசியில் தன் பெயரைச் சத்தமாகச் சொல்லி முடிப்பார். மெழுகில் பதிந்தது கடல் தாண்டி ஜெர்மனிக்குப் போய்த்தான் தட்டாக அச்சாக வேண்டும். அங்கே இருப்பவர்களுக்கு எது யார் பாட்டு என்று தெரிய வேண்டுமே. பிற்காலத்தில் அந்த வேலையை லேபிளும், பாட்டு முடிந்த பிறகு வரும் வழவழப்பான வட்டத்தில் பொறித்த மேட்ரிக்ஸ் எண்ணும் செய்தன. ஒரே பாட்டை இரண்டு தரம் பதிவு செய்திருந்தால் எந்தத் தட்டில் எது என்று அந்த எண்தான் காட்டிக்கொடுக்கும். அதைப் படித்து நோட்டில் எழுத ஒரு டார்ச் லைட் போதும். நாற்பது வருஷமாகச் சேர்க்கிறவர்கள் எத்தனை பேர் எழுதி வைத்திருக்கிறார்கள்?

*

இனி, அவர்கள் சொல்லும் நியாயங்கள். நான்கு இருக்கின்றன. நான்கும் சும்மா தள்ளிவிடக் கூடியவை இல்லை.

முதலாவது: "தம்பி, ஊரே எடைக்குப் போட்டப்போ நான் என் சம்பளத்துல வாங்கினேன். இப்ப வந்து பொதுச் சொத்துங்கறீங்களா?" உண்மைதான். கேசட் வந்த பிறகு வீடு வீடாகத் தட்டுகள் காயலான் கடைக்குப் போயின. 1985இல் மூர் மார்க்கெட் எரிந்தபோது புத்தகங்களோடு தட்டுகளும் போயின. அப்போது அரசாங்கமோ பல்கலைக்கழகமோ வந்து நிற்கவில்லை, இவர்கள்தான் நின்றார்கள். அதற்கு நன்றி. தட்டு அவர்களுடையது, யாரும் பிடுங்கப் போவதில்லை. ஆனால் தட்டைப் பற்றிய தகவலையும் சேர்த்துச் சொந்தமாக வைத்துக்கொள்வதில் என்ன நியாயம் இருக்கிறது? என்னிடம் இன்ன தட்டு இருக்கிறது என்று நாலு பேருக்குச் சொன்னால் தட்டு தேயாது.

உண்மையில் சொல்லாததற்குக் காரணம் வேறு. சொன்னால் விலை இறங்கும். உலகத்தில் மூன்றே பிரதி என்று நம்பப்படும் தட்டுக்கு மயிலாப்பூரில் மட்டும் ஐந்து பிரதி இருக்கிறது என்று தெரிந்தால் என்ன ஆகும்? தட்டுப்பாட்டை உண்டாக்கி விலை ஏற்றுவது பழைய மண்டி வித்தை. வெங்காயத்தில் செய்தால் ரெய்டு வரும், ரெக்கார்டில் செய்தால் பத்திரிகைப் பேட்டி வருகிறது.

இரண்டாவது: "காப்பிரைட் பிரச்சனை வரும் சார்." பாதி உண்மை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். 1958இல் வந்த தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2018ஓடு முடிந்தது. ஆனால் இசையமைப்புக்கும் வரிகளுக்கும் தனி உரிமை, படைத்தவர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள். எம்.எஸ். விஸ்வநாதன் மறைந்தது 2015இல். அதனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். 78 தட்டுகளை மொத்தமாக இணையத்தில் ஏற்றிய இன்டர்நெட் ஆர்க்கைவ் மீது 2023இல் பெரிய இசை நிறுவனங்கள் வழக்குப் போட்டதும் நமக்குத் தெரியும். ஆனால் பட்டியல் எழுத எந்தச் சட்டமும் தடை இல்லை. லேபிளில் என்ன போட்டிருக்கிறது என்று விவரம் வெளியிடத் தடை இல்லை. சொந்த ஆய்வுக்கு நியாயமான அளவில் பயன்படுத்தச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இடம் தருகிறது. லாபநோக்கமில்லாத பொது நூலகம் ஒன்று தன்னிடம் இருக்கும் படைப்பைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கலாம் என்று 2012 திருத்தம் சொல்கிறது. தட்டை அப்படி ஓர் இடத்தில் வைத்தால் வழி திறக்கிறது. காப்பிரைட் என்பது இங்கே பல பேருக்கு வசதியான பூட்டு, அவ்வளவுதான்.

மூன்றாவது: "கொடுத்தா திரும்பி வராதுப்பா." இதையும் ஏற்றுக்கொள்கிறேன். புத்தகம் இரவல் கொடுத்தவனுக்கு இந்த வலி தெரியும். அதனால்தான் நான் தட்டைக் கேட்கவில்லை. ஒலியைக் கேட்கிறேன்.

நான்காவது: "ஓட்டினா தேஞ்சிடும்." தப்பாக ஓட்டினால் தேயும். அந்தக் காலத்து எஃகு ஊசியும் கனமான தலையும் தட்டை உழுதன. ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி மாற்ற வேண்டும், நம் வீடுகளில் ஒரே ஊசியை ஒரு மாதம் வைத்து ஓட்டினார்கள். இன்றைக்கு அப்படி இல்லை. 78இன் பள்ளம் அகலம், அதற்கு மூன்று மில் ஊசி வேண்டும். வினைலுக்கான ஒரு மில்லுக்கும் குறைவான ஊசியைப் போட்டால் அது பள்ளத்தின் அடியில் போய்ப் புழுதியைத்தான் வாசிக்கும். சரியான ஊசி, சில கிராம் எடை, ஒரே ஒருமுறை. தட்டுக்கு ஒன்றும் ஆகாது. அரக்குத் தட்டை ஆல்கஹால் விட்டுத் துடைத்துவிடாதீர்கள், அரக்கு கரைந்துவிடும். காய்ச்சி வடித்த நீர் போதும். 1954க்கு முன்னால் ஒவ்வொரு கம்பெனியும் தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் ஒவ்வொரு அளவில் பதிவு செய்தது. அதனால் வருவதை அப்படியே பதிந்துகொள்ளுங்கள், இரைச்சலை நீக்குவதெல்லாம் பிறகு யாராவது செய்துகொள்ளட்டும். கறகற சத்தத்தோடு ஒரு கோப்பு இருந்தால் போதும். கோப்பே இல்லை என்பதுதான் பிரச்சனை.

*

இதெல்லாம் நடக்காத காரியமா? நம் கண் முன்னால் நடந்திருக்கிறது.

கோட்டையூர் ரோஜா முத்தையா பணக்காரர் இல்லை, விளம்பரப் பலகை வரைந்தவர். புத்தகம், இதழ், நோட்டீஸ், அழைப்பிதழ் என்று அச்சான எதையும் விடாமல் சேர்த்தார். ஆய்வாளர் கேட்டால் தேடிக் கொடுத்தார். 1992இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது, ஆனால் சிகாகோவுக்குத் தூக்கிக்கொண்டு போகவில்லை. 1994இல் சென்னையிலேயே நூலகமாகத் திறந்தார்கள். இன்று தரமணியில் இருக்கிறது, பாட்டுப் புத்தகமும் கிராமபோன் தட்டும்கூட அங்கே உண்டு. அடையாறிலிருந்து ஆட்டோ தூரம்.

அடுத்து, வி.ஏ.கே. ரங்காராவ். சென்னையில் இருந்துகொண்டு பல்லாயிரம் 78 தட்டுகளைச் சேர்த்தவர். அவரை எண்ணிக்கைக்காகப் பாராட்டுகிறார்கள். எனக்கு அது முக்கியமாகத் தெரியவில்லை. அவர் எழுதினார். எந்தத் தட்டில் யார் பாடினார், எந்தப் படத்துக்கு, மெட்டு எங்கிருந்து வந்தது என்று பத்திரிகைகளில் வருஷக்கணக்காக எழுதினார். அவர் சொன்னதை ஒத்துக்கொள்ளலாம், சண்டை போடலாம். சண்டை போட முடிகிறது என்பதே விஷயம் வெளியே வந்துவிட்டது என்பதற்கு அத்தாட்சி.

மும்பையில் 1990இல் சில பேர் சேர்ந்து இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். 'தி ரெக்கார்ட் நியூஸ்' என்று இதழ் நடத்தினார்கள், அதில் தட்டுப் பட்டியல்களைப் போட்டார்கள். பெரிய பணம் ஒன்றும் இல்லை. ஒருவரை ஒருவர் வீட்டுக்கு அழைத்துத் தட்டு போட்டுக் கேட்டார்கள். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

இவர்கள் மூன்று தரப்பும் செய்யாத ஒன்றும் உண்டு. 'என்னிடம் மட்டும்தான் இருக்கிறது' என்பதை ஒரு பெருமையாக வைத்துக்கொள்ளவில்லை.

நாம் சும்மா இருந்தால் வேறு யாராவது செய்வார்கள். பிரிட்டனில் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் என்று ஒரு லேபிள். அந்தப் பெயருக்கு நம் பாஷையில் 'எடுத்தவனுக்கே சொந்தம்' என்று அர்த்தம். 1970களின் கடைசி, 80களின் ஆரம்பம், அந்தக் காலத்து இளையராஜா பாட்டுகளைத் தொகுத்து அவர்கள் எல்பி போட்டார்கள். காது அவர்களுடையது, அலமாரி நம்முடையது. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? அவர்கள் கேட்கவாவது கேட்டார்கள்.

*

இளம் வாசகர்களையும் விட்டுவிட முடியாது. நீங்கள்தான் இந்தப் பதுக்கலின் அடுத்த தலைமுறை.

தி.நகரிலும் அடையாறிலும் காபிக் கடைச் சுவரில் பழைய இபிகளை ஆணி அடித்து மாட்டியிருக்கிறார்கள். அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறோம். அந்தத் தட்டில் என்ன பாட்டு என்று ஒருமுறை குனிந்து படித்தவர் எத்தனை பேர்? நடுவில் ஆணி இறங்கிய தட்டு இனி எந்தக் காலத்திலும் பாடாது. டர்ன்டேபிள் வாங்குகிறோம், புதிதாக அச்சான வெளிநாட்டு எல்பியைச் சில ஆயிரம் கொடுத்து வாங்குகிறோம். அதில் பல, டிஜிட்டல் கோப்பிலிருந்து அச்சானவை. போனில் கேட்பதும் அதுவும் ஏறக்குறைய ஒன்று. அதே காசில் சவுண்ட் சர்வீஸ் நடத்தி ஓய்ந்த ஒருவர் வீட்டுப் பரணில் இருக்கும் ஒரு மூட்டையை வாங்கலாம். வாங்காவிட்டாலும் பரவாயில்லை, அந்த மூட்டையில் இருப்பதை ஒரு மதியம் உட்கார்ந்து எழுதலாம்.

ஒரு செல்போன் போதும். லேபிளை இரண்டு பக்கமும் படம் எடுங்கள். தட்டு எண், மேட்ரிக்ஸ் எண், படம், பாடியவர், இசை, தட்டில் இருக்கும் கைஎழுத்து, முத்திரை எல்லாவற்றையும் ஒரு விரிதாளில் ஏற்றுங்கள். யார் வீட்டில் இருக்கிறது என்று போட வேண்டாம், திருட்டுப் பயம் நியாயமானது. ராக் அண்ட் ரோலில் ஆரம்பியுங்கள், சின்ன உலகம் அது. டம்டம்மில் அச்சான எல்விஸ், கிளிஃப், பீட்டில்ஸ் தட்டுகள் ஒரு பத்தி. அதே ஆண்டுகளில் தமிழ்ப் படங்களில் வந்த ராக், ட்விஸ்ட், யூடலிங் பாட்டுகள் பக்கத்துப் பத்தி. இரண்டையும் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தால் எந்தத் தட்டு இங்கே எப்போது வந்தது, எந்த இசையமைப்பாளர் காதில் எது விழுந்திருக்கலாம் என்று முதல்முறையாக ஆதாரத்தோடு பேச முடியும். இப்போது நாம் பேசுவதெல்லாம் "அது இதோட காப்பி" என்கிற டீக்கடைத் தீர்ப்பு.

அவசரம் என்ன என்று கேட்டால், 2015 டிசம்பர் ஒன்றாம் தேதி ராத்திரியைச் சொல்வேன். அடையாறு கரையை உடைத்துக்கொண்டு வந்தது. கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை என்று தரைத்தளங்கள் எல்லாம் தண்ணீருக்குள். டிவி போனது, சான்றிதழ் போனது, கார் போனது. இதெல்லாம் கணக்கில் இருக்கிறது, இழப்பீட்டு மனுவில் எழுதினார்கள். எத்தனை தட்டு போனது என்று யாராலும் சொல்ல முடியாது. வினைல் தண்ணீரில் சாகாது என்றாலும் உறையும் லேபிளும் சேறாகிவிடும், எது என்ன பாட்டு என்று தெரியாத கறுப்பு வட்டம்தான் மிஞ்சும். அந்த வீடுகளில் அலமாரி இருந்ததா, அதில் என்ன இருந்தது? பட்டியல் இல்லாததால் அந்த இழப்பு நடந்ததாகவே ஆகவில்லை.

அடுத்த மழை எந்த வருஷம் என்று தெரியாது. பெரியவர்களுக்கு வயது எழுபது, எண்பது ஆகிறது. பிள்ளைகள் டாலஸிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள், வீட்டை பில்டரிடம் கொடுக்கப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. அடுத்த முறை அந்த மாடி அறைக்குப் போனால் அலமாரி முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்பாதீர்கள். "சார், லிஸ்ட் இருக்கா?" என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னால், "ஞாயித்துக்கிழமை வரேன் சார், நான் எழுதித் தரேன்" என்று சொல்லுங்கள். மறுப்பவரிடம் திரும்பத் திரும்பக் கேளுங்கள். மூன்றாவது தடவையும் மறுத்தால், அடுத்த முறை அவரைப் பற்றி எழுதும்போது 'காப்பாற்றியவர்' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள்.